உமாபதியின் மீசையும் பன்னிரண்டாம் நம்பரும்

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு உமாபதி கிளப் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு, ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, புரொஜெக்டரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். தட்டாமல் அது ஓடாது. அதனுடன் வந்த புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. அமெரிக்கன் எழுதின புத்தகத்தில் எல்லாமே இருக்குமா என்ன என்பது அவர் கட்சி. அடி வாங்கிய இயந்திரம் முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்ததும், வெள்ளைத் திரையில் தோளுக்குத் தலையணை கட்டிய இருபத்திரண்டு தடியர்கள் பனங்காய் போன்ற ஒரு பந்துக்காக ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள்.

இந்த அமெரிக்க ஃபுட்பால் ஆட்டப் படம் ஹூஸ்டனிலிருந்து மூன்று வாரம் பழசாக வருகிறது. துபாய்க்கு வெளியே மணலில் தகரக் கொட்டகைகளாக நிற்கும் அந்த எண்ணெய்க் கம்பெனி முகாமில் நூறு அமெரிக்கர்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் படம்தான் அவர்களுக்குக் கோயில், பூசை எல்லாம். முடிவு முன்கூட்டியே தெரிந்தால் ருசி போய்விடுமாம். அதனால் ஆட்டத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி எழுதக் கூடாது என்று ஊரிலிருக்கும் மனைவிமாருக்கு உத்தரவு போயிருக்கிறது. ஆக, வியாழன் மதியம் தொடங்கி வெள்ளி காலை வரை, யார் ஜெயித்தார்கள் என்பது அந்தப் பாலைவனத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். மன்னார்குடி உமாபதி, பி.ஏ. பொருளாதாரம், கிளப் கிளார்க். ஃபிலிமில் ஒட்டு விட்டிருக்கிறதா, ஓரத்துத் துளை கிழிந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பது அவர் டூட்டி. பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் வாயிலிருந்து முடிவைப் பிடுங்க யாராலும் ஆகாது. முகாமின் பெரிய மேஸ்திரி வீலர் டெக்சாஸ்காரர். ஆறடி நாலங்குலம், பளபளவென்ற வழுக்கை, முகத்தில் ஒரு ரோமம் கிடையாது. வியாழன் மாலை மெஸ்ஸில் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மகளுக்கு வரன் விசாரிக்கிற மாதிரி நைச்சியமாகக் கேட்பார். "மஃபி ஸார். நியூஸ் மஃபி" என்று, இல்லை என்பதை அரபியில் சொல்லிச் சோற்றைப் பிசைவார் உமாபதி. ஆனால் மீசை காட்டிக்கொடுத்துவிட்டது. உதட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் கன்னம் வரை போய் நிற்கிற மீசை அது. வீலரின் சொந்த ஊர் அணி நன்றாக ஆடினால் உமாபதியின் வலது கை தானாகப் போய் வலது நுனியை முறுக்கிவிடும். நுனி மேலே நின்றால் ஜெயம், படுத்திருந்தால் தோல்வி என்பதை இரண்டே வாரத்தில் வீலர் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து உமாபதி வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோப்புப் போட்டு மீசையைக் கழுவி, சீப்பால் கீழ்நோக்கி வாரிக்கொண்டுதான் வெளியே வருகிறார்.

முறுக்க வைத்தவன் அந்த அணியின் பன்னிரண்டாம் நம்பர். அந்த வருஷந்தான் காலேஜை விட்டு வந்த பையன். அவன் ஆடுகிற இடத்துக்கு குவாட்டர்பேக் என்று பெயர். அதை ஹாலைக் கூட்டிப் பெருக்க வரும் ராமநாதபுரத்துக் கார்மேகத்துக்கு உமாபதி ஒரு மதியம் விளக்கினார்.

"கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிறவன் இருப்பான்ல? அவன் பாயசத்தத் தூக்கிக்கிட்டு ஓடமாட்டான். நின்ன எடத்துலேருந்து, அந்த எலைக்குப் போ, இந்த எலைக்குப் போன்னு அனுப்புவான். அவன்தான் குவாட்டர்பேக். நம்ம பன்னண்டு இருக்கானே, யாரும் தோதா இல்லன்னு வச்சுக்க, வாளியத் தூக்கிக்கிட்டு இவனே ஓடிடுவான்."

"அப்ப ஊருக்குப் போடாம தானே குடிச்சுப்புடுறவென்ல அண்ணே?"

"போடா, ஒனக்குப் போயி சொன்னேன் பாரு."

கார்மேகத்தைப் போலவே வீலருக்கும் அந்த ஓட்டத்தில் நம்பிக்கை இல்லை; அதைக் கொஞ்சம் மரியாதையான இங்கிலீஷில் சொன்னார். காலேஜில் எதிரே நிற்கிறவன் நாளைக்குப் பரீட்சை எழுதப் போகிற பையன். அவனைச் சுற்றி ஓடலாம். இங்கே எதிரே நிற்கிறவனுக்கு உன்னைக் கீழே தள்ளுவதுதான் சம்பளம். இந்தப் பையன் கிறிஸ்துமஸுக்குள் நின்று ஆடப் பழகிக்கொள்வான், இல்லாவிட்டால் முழங்கால் முறிந்து ஊர் போய்ச் சேருவான் என்றார். இதைச் சொன்னது 1977 செப்டம்பரில், முதல் படம் முடிந்து விளக்குப் போட்டதும், நூறு பேர் நடுவில்.

உமாபதிக்குச் சுருக்கென்றது. வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் அது வெறும் விளையாட்டுப் பேச்சு. கும்பகோணத்தில் காலேஜ் படிக்கும்போது உமாபதி கபடியில் பெரிய ஆள். பாடிப் போனால் மூலைக்கு மூலை ஓடி, ஏழு பேரையும் தட்டாமாலை சுற்ற வைத்துவிட்டுத் திரும்புவார். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஒன்று ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டது; தேறினால் மில்லில் உத்தியோகமும் உண்டு. அங்கிருந்த கோச், "இது காலேஜ் இல்ல தம்பி. ஓடாத. கோட்டுக்கிட்டயே நின்னு கால நீட்டு" என்றார். உமாபதி நின்றார். மூன்று தடவை பாடிப் போய் மூன்று தடவையும் பிடிபட்டார். "என்னை என் இஷ்டத்துக்கு ஓட விட்டிருந்தா இன்னிக்கு நான் இந்த மணலைத் தின்னுக்கிட்டு இருக்கமாட்டேன்" என்பதோடு கதையை நிறுத்திக்கொள்வார். பன்னிரண்டாம் நம்பர் ஓடி ஜெயித்தால் மில் கோச் சொன்னது தப்பு. பையன் தோற்றாலோ, நின்று ஆடப் போய்விட்டாலோ, கோச் சொன்னதுதான் சரி. பிறகு உமாபதிக்கு வையக்கூட ஆள் கிடையாது.

ஆகவே எழுந்து நின்று பந்தயம் கட்டினார். கடைசி மேட்ச் வரை பையன் ஓடித்தான் ஆடுவான், கடைசி மேட்சை ஓடியே ஜெயிப்பான். இல்லாவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன். வீலர் தன் மொழுமொழு முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படி நடந்தால் நான் மீசை வளர்க்கிறேன் என்றார். ஹால் அதிரக் கை தட்டினார்கள்.

துபாய் ஊருக்குள் சத்வாவில் இரண்டு அறை வீட்டில் இருந்த மனைவி நீலாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா ஊர்ல கல்லுக்குண்டாட்டம் இருக்காரு. நீங்க மீசைய எடுத்துட்டு வந்தா அக்கம்பக்கத்துல என்ன கேப்பாங்க? தந்தி எப்ப வந்துச்சும்பாங்க. பந்து வெளாட்டுக்கு எடுத்தாருன்னு சொல்லவா?" தகப்பன் போனால்தான் மகன் மீசை எடுப்பது வழக்கம். உமாபதி அதை யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது; எடுக்கும்படி வராது என்று யோசித்திருந்தார்.

நீலாவுக்கு அவரிடம் வேறொரு மனக்குறையும் உண்டு. மனுஷனுக்கு எதையும் கடைசி வரை இருந்து பார்க்கிற பொறுமை இல்லை. திறந்தவெளித் தியேட்டரில் தமிழ்ப் படம் போட்டால், சண்டை தொடங்கும்போதே "எந்திரி, அப்பறம் டாக்ஸி கெடைக்காது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். "ஆறு வருஷத்துல ஒரு படத்துல யாரு செத்தா, யாரு பொழச்சான்னு எனக்குத் தெரியாது" என்பாள். ஓட்டலில் சாப்பாடு ஆனதும் காபி வருவதற்குள் எழுந்துவிடுவார். கியூவில் நின்றால் தனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது பொறுமை போய் வீட்டுக்கு வந்துவிடுவார். மில் கதையில் அவர் சொல்லாமல் விடுகிற பாதியும் நீலாவுக்குத் தெரியும், அவள் அண்ணன் அன்று அங்கே ஆடினவன். "இடைவேளையிலயே சட்டைய மாட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டாரு. செகண்டு ஹாஃப்ல, அந்த மன்னார்குடிப் பையன அவன் இஷ்டத்துக்கு ஓட விடுங்கன்னு கோச்சே சொன்னாராம். ஆளக் காணும்."

சீசன் மேடும் பள்ளமுமாகப் போனது. அக்டோபரில் பையன் ஓடின ஓட்டத்தில் உமாபதி ஒரு ரீலை நாலு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்து, மீசையைக் கழுவ மறந்துவிட்டு மெஸ்ஸுக்குப் போனார். நவம்பரில் மூன்று பேர் பையன் மேல் விழுந்து கணுக்கால் பிசகி, இரண்டு வாரம் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அந்த வெள்ளிக்கிழமைகளில் வீலர் உமாபதியைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினார். உமாபதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கடைசி மேட்ச் ஜனவரியில் வந்து சேர்ந்தது. இரண்டு டப்பாவாக வரவேண்டிய படத்தில் வியாழக்கிழமை ஒன்றுதான் வந்தது. முதல் பாதி. மற்றது அடுத்த விமானத்தில் வரும், விடிந்ததும் டிரைவர் கொண்டுவந்து விடுவான் என்றார்கள். உமாபதி தாழ்ப்பாள் போட்டார், தட்டினார், பார்த்தார்.

பையன் ஓடவில்லை. பந்து கைக்கு வந்ததும் வலது கால் கிளம்பும்; உடனே கோச் இருக்கிற பக்கம் ஒரு பார்வை; கால் திரும்பத் தரைக்கு வந்துவிடும். நிற்பான். எறிவான். போகாது. அல்லது நின்றபடியே அடி வாங்கிச் சாய்வான். "ஓடுடா" என்றார் உமாபதி. "டேய், பக்கத்துல அவ்வளவு எடம் கெடக்குடா, ஓடேண்டா." இருட்டில் தனி ஆளாக நின்று திரையைப் பார்த்துக் கத்தினார். கோச்சைப் பார்க்கிற அந்தப் பார்வை அவருக்குத் தெரிந்த பார்வை. பாதி முடிகையில் எதிரணி பதினேழு, பையன் அணி சைபர். ஃபிலிம் நுனி சக்கரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். அழுகை வரும்போல் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"கலாஸ்" என்றார் கடைசியில், அரபிக்காரன் எல்லாம் முடிந்தது என்று சொல்கிற மாதிரி. நின்றவன் நின்றவன்தான், இனி ஓடமாட்டான். அடுத்த டப்பாவில் பார்க்க என்ன இருக்கிறது? சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் சத்வாவுக்கு வந்து, நேராகக் குளியலறைக்குள் போனார். வெளியே வந்தபோது நீலா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மீசை இல்லாத இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்து, வேறு யாருடைய உதட்டையோ எடுத்து ஒட்டினதுபோல் இருந்தது. அரை மணி நேரத்தில் எதிர்வீட்டுப் பத்மா செய்தி தெரிந்து காபி பிளாஸ்கோடு வந்து நின்று, பெரியவருக்கு என்ன வயசு என்று மெதுவாகக் கேட்டாள். நீலா அழுதாள். அதைப் பார்த்துப் பத்மாவும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை உமாபதி கட்டம் போட்ட அரபித் துண்டை மூக்கிலிருந்து கழுத்து வரை சுற்றிக்கொண்டு கிளப்புக்கு வந்தார். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. மீசை இருந்தால் ஜெயம் என்று தெரிந்துவிடும், இல்லாவிட்டால் தோல்வி என்று தெரிந்துவிடும்; மனுஷன் நியாயமாகத்தான் மூடிக்கொண்டு வந்திருக்கிறார் என்று வீலரே தோளில் தட்டினார். கார்மேகம் மட்டும் டீ கொடுக்க வந்தவன், துண்டு கொஞ்சம் விலகினபோது பார்த்துவிட்டான். "அண்ணே, ஐயா எப்ப..." என்று ஆரம்பித்தான். "வாய மூடு. நல்லா இருக்காரு" என்றார் உமாபதி. இரண்டாவது டப்பா பத்து மணிக்குத்தான் வந்தது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

முதல் பாதியில் ஹாலே துக்க வீடாக இருந்தது. வீலர் ஜெயிக்கப் போகிற பந்தயத்துக்காகச் சந்தோஷப்படுவதா, தோற்கப் போகிற சொந்த ஊருக்காக அழுவதா என்று தெரியாமல் புகைத்துத் தள்ளினார். உமாபதி இரண்டாவது ரீலைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. "அண்ணே" என்று கார்மேகம் தோளை உலுக்கினான். "ஓடுறான் அண்ணே!"

திரும்பினார். பையன் கோச் பக்கம் பார்க்கவே இல்லை. பனங்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒருவனுக்கு இடுப்பைக் காட்டி இன்னொருவனுக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தான். பதினேழு ஏழு. அப்புறம் பதினேழு பதினாலு. கடைசி நிமிஷம், ஜெயிக்கிற கோட்டுக்குப் பதினோரு கஜம், எறிந்தால் பிடிக்க ஆள் இல்லை. பையன் வலது பக்கம் போகிறவன் மாதிரி போக்குக் காட்டி இடது பக்கம் திரும்பி, கோட்டுக்கு அப்பால் போய்க் குப்புற விழுந்தான். நூறு அமெரிக்கர்களும் ஒரே குரலில் ஊளையிட்டார்கள். கார்மேகம் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தான்.

உமாபதிக்கு நெஞ்சு விம்மியது. உடனே கை துண்டுக்குள் போய் மழித்த இடத்தைத் தடவியது. ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் போதும்.

விளக்கைப் போட்டார்கள். வீலர் பெஞ்சுகளைத் தாண்டித் தாண்டி புரொஜெக்டரை நோக்கி வந்தார். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. "உமாபதி, நீ ஜெயித்துவிட்டாய்! இன்றிலிருந்து நான் மீசை வளர்க்கிறேன். எப்படி முறுக்குவது என்று நீதான் காட்ட வேண்டும். துண்டை எடு!" என்று கத்தினார். எடு, எடு என்று நூறு பேரும் கை தட்டத் தொடங்கினார்கள். விஷயம் தெரிந்த கார்மேகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உமாபதி எழுந்தார். துண்டின் முடிச்சைக் காதுப் பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். பிறகு வலது கையை உயர்த்தி, மீசை இருந்த இடத்தில், துண்டின் மேலேயே இரண்டு விரலை வைத்து, வீலர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி, நிதானமாக மேல்நோக்கி முறுக்கிக் காட்டினார்.