மந்தைவெளி வரை ஒரு சூரியன்

தொண்ணூறுகளின் நடுவில், எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்த புதிதில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. ஒளியின் வேகத்தையும் ஈர்ப்பு மாறிலியையும் ஒன்று என்று வைத்துக்கொண்டுவிட்டால் நிறை, நேரம், தூரம் மூன்றையும் கிலோமீட்டரிலேயே சொல்லிவிடலாம். ஒரு நொடி என்பது மூன்று லட்சம் கிலோமீட்டர். எத்தனை சைபர் என்று எண்ணவே அலுத்துப்போகும் சூரியனின் நிறை, வெறும் ஒன்றரைக் கிலோமீட்டர். மயிலாப்பூர்க் குளத்தை ஒட்டிய எங்கள் வீட்டிலிருந்து மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரம். இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. எப்போது வெளியே போய்த் திரும்பினாலும் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

"என்னடி, சூரியனைத் தாண்டிண்டு வந்துட்டியா?"

அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். எனக்கு வந்திருந்த பேங்க் வேலை ஆர்டர்தான் அவர் கண்ணில் நின்றது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அடையாறு தாண்டி ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி.க்கு எனக்கு நேர்முகத் தேர்வு. போன வருஷம் அங்கேயே கோட்டை விட்டிருந்தேன்.

"வந்த வேலையை விட்டுட்டு இதையே பிடிச்சுண்டு தொங்கறே. இந்தத் தடவையும் கிடைக்கலேன்னா பேசாம பேங்க்ல சேரு" என்றார்.

தலையாட்டிவிட்டேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

நேர்முகத்தில் நாலு பேர். சூரியனை உரசிக்கொண்டு வரும் நட்சத்திர ஒளி எவ்வளவு வளையும், கால்குலேட்டர் இல்லாமல் போர்டில் போடு என்றார்கள். பரீட்சைப் பழக்கத்தில் கிலோகிராம், நொடி என்று ஆரம்பித்தேன். பத்தின் அடுக்குகள் போர்டை அடைத்தன. எங்கோ கை தவறி, என் கணக்கில் ஒளி சூரியனையே பலமுறை சுற்றி வந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, திங்கட்கிழமை பேங்க்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே ரோஷம் வந்துவிட்டது. போர்டை முழுக்க அழித்தேன்.

"சூரியனின் நிறை ஒன்றரைக் கிலோமீட்டர்" என்றேன்.

சூத்திரப்படி அதை நாலால் பெருக்கினால் ஆறு. சூரியனின் ஆரமான ஏழு லட்சம் கிலோமீட்டரால் வகுத்தேன். கிலோமீட்டரும் கிலோமீட்டரும் அடிபட்டு, கோணம் மட்டும் மிஞ்சியது. ஒரு டிகிரியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சரியான விடை, ஒரே வரியில்.

"ஒன்றரைங்கறது எப்படிம்மா ஞாபகம் இருக்கு?" என்றார் கடிகாரம் பார்த்தவர்.

"தினமும் நடக்கறேன் சார்" என்று மந்தைவெளிக் கதையைச் சொன்னேன். நாலு பேரும் சிரித்துவிட்டார்கள்.

சாயங்காலம் வரை உட்கார வைத்து, இடம் உண்டு, திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள் என்றார்கள். பஸ்ஸில் நின்றபடியே அழுதேன், அவ்வளவு சந்தோஷம். வீட்டில் அம்மா கட்டிக்கொண்டாள். அப்பா "சரி" என்றதோடு சரி. இரண்டு நாளும் அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"எங்கேப்பா?"

"நட. சூரியன் முடியற இடம் வரைக்கும் நானும் வரேன்."