அக்கா வேண்டாம் என்ற தொப்பி

அக்கா, ஏ அக்கா.

வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியே கூப்பிடுகிறேன். ஞானஸ்நானத்தின்போது கோயில் புத்தகத்தில் எழுதின உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒருவன் அந்தப் பெயரை எடுத்து ஒரு தொப்பிக்கு மேலே போட்டான். அதற்குப் பிறகு அதை யாருக்கும் கொடுக்க மனமில்லை. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்துவிட்டது. எல்லோரும் அழுது முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. காலையில் கண் விழிக்கும்போதே அதுதான் வருகிறது.

படிக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற வீடுகள், வட்டகொடைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில். அக்கா கொழுந்து எடுத்தாள். நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் இரண்டு வருடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருந்தேன். எங்கள் பெரியம்மா மகன் ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறான். எனக்கு அண்ணன், அக்காவுக்குத் தம்பி. அவன்தான் ஒரு வெப்சைட் தொடங்கலாம் என்று சொன்னான். மலையில் நனைந்து வேலை செய்கிறவர்களுக்கான சாமான்களைப் பற்றி மட்டும் எழுதுவது. பூட்ஸ், மழைக்கோட்டு, அட்டைப்பூச்சி ஏறாத சொக்ஸ், இப்படி. எழுதிவிட்டுக் கீழே கடையின் லிங்கைப் போட வேண்டும். அந்த லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கடை எங்களுக்குக் கமிஷன் தரும். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் தோட்டத்தில் இருக்கிற அம்மாவுக்கு வாங்கி அனுப்புவார்கள், அவர்கள்தான் நம் ஆட்கள் என்றான். அது சரிதான். நானும் கொழும்பில் இருந்தபோது அக்காவுக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் ஒரு குடையை வாங்கி வந்தவள். கொழுந்து எடுக்கிறவளுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், குடையை எந்தக் கையில் பிடிப்பாள்?

எப்படி எழுதுவது என்பதில்தான் சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மூன்று பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"பத்து பெஸ்ட் பூட்ஸ்னு போடணும் அக்கா. பெறகு பத்து பெஸ்ட் மழைக்கோட்டு. எல்லா சைட்டும் இப்பிடித்தான் செய்யுது."

"பத்தையும் யாரு போட்டுப் பாத்தது?"

"யாரும் போட்டுப் பாக்கத் தேவையில்ல. கடையில எழுதியிருக்கும். கொஞ்சம் மாத்தி எழுதுனா சரி."

"கடைக்காரன் சொன்னதைத் திருப்பிச் சொல்றதுக்கு நம்ம எதுக்குடா? கிளிப்பிள்ளையா?"

"ஆளுங்க வந்து லிங்க்க அமத்துனா போதும் அக்கா."

"அமத்துனவளோட அம்மா நாளைக்கு எனக்குப் பக்கத்து நெரையில நிப்பாடா. அவ மூஞ்சியில நான் எப்பிடி முழிக்கிறது?"

அக்கா சொன்ன வழி வேறு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் வரிசையாக நிற்கும்போது, யாராவது புதுச் சாமான் போட்டிருந்தால் விட மாட்டார்கள். பூட்ஸைக் கழற்றச் சொல்லி உள்ளே கையை விட்டுப் பார்ப்பார்கள். எத்தனை மணிக்குக் கால் நனைந்தது, வழுக்குப் பாறையில் நிற்கிறதா, அட்டை எந்தப் பக்கமாக ஏறுகிறது, காய எத்தனை நாள், கிழிந்தால் தைக்க முடியுமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் மட்டும் எழுது என்றாள். ஒரு சாமான், ஒரு மாதம். அவள் போட்டுக்கொண்டு மலைக்குப் போவாள். சாப்பாட்டு நேரத்தில் போனில் பேசி எனக்குக் குரல் பதிவு அனுப்புவாள். நான் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

"மாசத்துக்கு ஒண்ணா?" அண்ணன் தலையில் கை வைத்தான். "இண்டர்நெட்டு ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா அக்கா?"

"இண்டர்நெட்டு எந்த மலையில கொழுந்தெடுக்குது? காத்துக்கிட்டு இருக்கட்டும்."

அப்படியே தொடங்கினோம். முதல் மாதம் ஒரு கறுப்பு பூட்ஸ். இரண்டாவது மாதம் ஒரு மழைக்கோட்டு. படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அண்ணன் தினமும் போனில் நச்சரித்தான். நான் அக்காவுக்குத் தெரியாமல் ஒரு பத்துப் பட்டியலைப் போட்டேன். பத்தில் இரண்டைத்தான் கண்ணால் பார்த்திருந்தேன். மூன்றாவதாகப் போட்ட பூட்ஸின் படம் அழகாக இருந்தது. அதற்காகவே மூன்றாவது.

எங்கள் லயத்தில் நாலாவது வீட்டு அம்மாவின் மகன் கொழும்பிலிருந்து அதையே வாங்கி அனுப்பியிருக்கிறான். அடி வழுவழு. அந்த அம்மா ஈரப் படிக்கட்டில் சறுக்கி, தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக விழுந்து, கை வீங்கி இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. அக்காவுக்குத் தெரிந்ததும் என் கையைப் பிடித்து அந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சொல்லு. நீதான் எழுதுனேன்னு ஒன் வாயால சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா கைக்கட்டோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அடியே, மூணாம் நம்பருக்கே இந்தக் கெதின்னா, பத்தாம் நம்பர வாங்கியிருந்தா ஆத்துலதான் கெடந்திருப்பேன்."

அன்றைக்கே பட்டியலை அழித்தேன். அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கா எடுக்கிற மலையில் ஒரு மரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. அக்காவும் இன்னும் இரண்டு பேரும் வேலை வாங்குகிற கங்காணியிடம் சொன்னார்கள். "குளவிக்குப் பயந்தா கொழுந்தெடுக்க முடியுமா?" என்றார். அவருக்கு மேலே இருக்கிற கண்டாக்கையாவிடமும் சொன்னார்கள். பார்க்கிறோம் என்றார். யாரும் பார்க்கவில்லை. மறுபடியும் சொன்னார்கள். மறுபடியும் பார்க்கிறோம்.

அண்ணன் விடவில்லை. குளவிக்கு வலைத் தொப்பி இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள் என்று வரவழைத்துக் கொடுத்தான். முகத்தைச் சுற்றி வலை, கழுத்தில் இறுக்கிக் கட்டக் கயிறு. அக்கா ஒன்பது நாள் போட்டாள். ஒன்பதாவது நாள் பதிவு வந்தது. முதலில் பெண்களின் சிரிப்புத்தான் கேட்கும்.

"ஏ, கல்யாணப் பொண்ணு நெட்டு போட்டுக்கிட்டு வந்துட்டா. ஃபாதர் எங்கடி?"

"மாப்பிள்ளையக் காட்டு, பெறகு ஃபாதரக் கூப்பிடலாம்." இது அக்கா. அதற்குப் பிறகு என்னிடம் பேசுகிறாள். "தங்கச்சி, இது வேணாம். கூடைக் கயித்தத் தலையில போட்டா தொப்பி பின்னால இழுத்துக்குது, கழுத்துக்கிட்ட தொறந்துக்குது. ஒரு குளவி உள்ள வந்துச்சுன்னா வெளிய போக வழியில்லாம உள்ளயே கெடந்து கொட்டும். வெறும் மூஞ்சின்னா தட்டிவிட்டுட்டு ஓடலாம். இது எலிப்பொறி மாதிரி. மழை பேஞ்சா நெட்டுல தண்ணி நின்னு கண்ணும் தெரியல. இதச் செஞ்சவன் கூடை தூக்காதவன். லிங்க் போட்டுறாத, வெளங்குதா?"

விளங்கியது. ஆனால் நான் எழுதவில்லை. ஒன்று வேண்டாம் என்று எழுதினால் யார் லிங்கை அமத்துவார்கள் என்று நினைத்தேன். அண்ணனுக்கும் அந்தப் பதிவை அனுப்பவில்லை. அக்கா தொப்பியைக் கழற்றி வீட்டில் வைத்தாள். பதிவு என் போனில் கிடந்தது.

இரண்டு வாரம் கழித்துக் குளவி கலைந்து கொட்ட வந்தது. மரத்துக்கு நேர் கீழே இருந்த தேயிலை வரிசைதான் அக்காவின் நிரை. மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு செடிக்கு அடியில் படுத்தார்கள், சிலர் கீழே ஓடினார்கள். அக்காவும் ஓடினாள், கானில் கால் இடறி விழுந்தாள். கொழுந்து லொறி கீழ் மலையில் நின்றது. அது ஏறி வரும் வரைக்கும் அவளை ரோட்டோரத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். நான் ஓடிப் போனபோது அவள் முகத்தை எனக்குத் தெரியவில்லை. கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் லொறி நின்றபோது, மேலே ஏறிப் பார்த்த டாக்டர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

அடக்கம் முடிந்து இரண்டு நாளில் ஆட்கள் வந்து கூட்டை எடுத்தார்கள். இரண்டே நாள். அதற்கு அரைநாள் வேலைதான் எடுத்தது.

அக்கா போன இரண்டாவது வாரம் கொழும்பிலிருந்து, என்னோடு துணிக்கடையில் நின்ற ஒரு பிள்ளை போன் எடுத்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"ஒன் எழுத்தப் படிச்சேன்டி. நெஞ்சே வெடிச்சுப் போச்சு. எங்க அம்மாவுக்கும் அந்தத் தொப்பிய இன்னைக்கே வாங்கி அனுப்புறேன்."

"என்ன எழுத்து? நான் ஒண்ணும் எழுதலியே."

திறந்து பார்த்தேன். 'குளவியிலிருந்து உயிர் காக்கும் பத்துச் சாமான்கள்' என்று தலைப்பு. மேலே அக்காவின் படம், அவளுடைய முழுப் பெயர். முதலாம் இடத்தில் அந்த வலைத் தொப்பி. அதற்குக் கீழே, நான் எழுதியது போல, 'இந்தத் தொப்பியைப் போட்டிருந்தால் என் அக்கா இன்று உயிரோடு இருந்திருப்பார்.' அதற்கும் கீழே லிங்க்.

அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிட்டு, வாங்காதே, அம்மாவின் தலையில் அதை மாட்டிவிடாதே என்று கத்தினேன். பிறகு ஹட்டன் பஸ் ஏறினேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். அண்ணன் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அத எடு," என்றேன்.

"எத?"

"அக்கா படத்த எடு. தொப்பிய எடு. இப்பவே எடு."

"கத்தாத தங்கச்சி, ஆளுங்க நிக்கிறாங்க. இப்ப எல்லாரும் குளவியப் பத்தித்தான் தேடுறாங்க. அக்கா போனதால நாலு பேரு பொழைக்கட்டுமேன்னுதான் செஞ்சேன். பட்டியலு போட்டாத்தான் படிப்பாங்க. ஒனக்கு இதெல்லாம் வெளங்காது, நீ ஒன்பதோட நின்னவ."

நான் என் போனை எடுத்தேன். போனை மேசையில் வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டிப் பதிவைப் போட்டேன். கல்யாணப் பொண்ணு என்ற சிரிப்பு அந்தக் கடை முழுவதும் கேட்டது. சார்ஜர் வாங்க நின்ற கினிகத்தேனைக்காரர் ஒருவர், என்ன ஆச்சு என்று சிங்களத்தில் கேட்டார். 'இது எலிப்பொறி மாதிரி' என்று அக்கா சொன்ன இடத்தில் அண்ணன் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான்.

"இத நான் கேக்கவே இல்லியே," என்றான். "நீ எனக்கு அனுப்பவே இல்ல தங்கச்சி."

அது உண்மை. அவன் அக்காவின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கினவன். வேண்டுமென்று பொய் எழுதவில்லை. போட்டுப் பார்க்காத சாமானை நல்லது என்று எழுதினான். நான் மூன்றாவது பூட்ஸுக்குச் செய்ததும் அதுதான். அவன் அப்படிச் சொன்னதும் அவன் மேல் இருந்த கோபம் என் மேலேயே திரும்பியது. அவன் அழுதுகொண்டே கம்ப்யூட்டரைத் திறந்து படத்தை எடுத்தான், பெயரை எடுத்தான், தொப்பியை எடுத்தான். பிறகு திரும்பிக் கேட்டான்:

"அப்ப ரெண்டாவதா இருக்கிறத முதல் எடத்துல போடலாமா?"

மேசையில் இருந்த கண்ணாடி ஒட்டுகிற பெட்டியைத் தூக்கிக் கீழே அடித்தேன். அதற்கு நான் வெட்கப்படவில்லை.

பட்டியல் முழுவதையும் எடுக்க வைத்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து, சைட்டின் முதல் பக்கத்தில் அக்காவின் பதிவைப் போட்டேன். நான் ஒரு வரியும் எழுதவில்லை. அவள் பேசினதை அப்படியே போட்டேன், சிரிப்பும் சேர்த்து. மாதம் ஒன்றா, பட்டியலா, கட்டுரையா என்று எத்தனை நாள் சண்டை போட்டோம். அவள் குரலுக்கு மேலே எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கீழே லிங்க் கிடையாது. கொழும்புப் பிள்ளைகள் அதைத் தங்கள் அம்மாமார்களுக்கு அனுப்புகிறார்கள். எழுதினதைப் படிக்கத் தெரியாத அம்மாமார்களும் கேட்கிறார்கள். இனிமேல் அந்த சைட்டில் குரல் மட்டும்தான், போட்டுப் பார்த்தவள் பேசினால் மட்டும்தான். இதுவரை இரண்டு பேர் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணனோடு நான் இன்னும் பேசவில்லை.

அம்மா விளக்கு வைக்கிற நேரத்தில் செபமாலையை என் கையில் திணிக்கிறாள். 'அருள் நிறைந்த' என்று தொடங்கினால், பாதியில் கங்காணியின் முகம் வருகிறது, லொறி வருகிறது, அனுப்பாத பதிவு வருகிறது. வாயைத் திறந்தால் செபம் வரவில்லை, சண்டைதான் வருகிறது. சாமியோடும் சண்டை. என்னால் முடியவில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் மாதாவிடம் கேட்கிறவர்களோ, மாரியம்மனிடம் கேட்கிறவர்களோ, தொழுகிறவர்களோ, புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போகிறவர்களோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான். என்னால் சொல்ல முடியாததை நீங்கள் எல்லோரும் சொல்லுங்கள். கோபமில்லாத வாயால் என் அக்காவுக்காக ஒரு தடவை செபியுங்கள்.