ஜெயவேலுவின் இடது பக்கக் கண்ணாடி

ஊரப்பாக்கத்தில் ஜெயவேலு கழற்றிப் பார்க்காத பொருள் ரயில் தண்டவாளம் மட்டும்தான். அதுவும் அவருடைய ஸ்பேனருக்கு அந்த நட்டு பெரிதாக இருந்ததால் தப்பித்தது.

எண்பதுகளின் ஆரம்பத்தில், ஏரிக்குக் கீழே நெல்லும் மேட்டில் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. பம்ப்செட் நின்றால் மற்ற விவசாயிகள் மெக்கானிக்கைத் தேடிப் போவார்கள். ஜெயவேலு மோட்டாருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். தட்டுவார், ஊதுவார், காதை வைத்துக் கேட்பார். பிறகு திறப்பார். மூடும்போது இரண்டு மூன்று திருகாணி மிஞ்சும். "கம்பெனிக்காரன் அவசியமில்லாம போட்டு வச்சிருக்கான்" என்று அவற்றை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பார். பயிர் வாடியதற்கு அந்த வருஷ மழையைக் குறை சொன்னார்கள். மழை மறுத்துப் பேசவில்லை.

பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய நிலமெல்லாம் கொடி நட்ட மனைகளாக மாறின. ஜெயவேலு பாதியை விற்று, மீதியில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார். கைக்கு வேலையில்லாமல் போனது. வீட்டிலிருந்த மிக்சி, கிரைண்டர், டி.வி. என்று ஒவ்வொன்றாக அவர் மடியில் உயிரை விட்டன. அவர் மனைவி பச்சையம்மா ஆட்டுக்கல்லைத் திரும்பவும் சமையலறைக்குள் கொண்டு வந்து வைத்தாள்.

"இதுல ஸ்க்ரூ கெடையாது. இது பொழைச்சிக்கும்" என்றாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் தெருவுக்கு முதல் ஏசி கார் வந்தது. வாங்கியவர் ஜெயவேலு. எஞ்சினைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோ அவர் யாரிடமும் பேசவில்லை. கியருக்குப் பக்கத்தில் வரிசையாக நாலு பட்டன்கள் இருந்தன. அழுத்தினால் கண்ணாடி தானே ஏறும், தானே இறங்கும். அது போதும் அவருக்கு. தெரிந்தவர் யாராவது நடந்து போனால் வண்டியை ஓரம் கட்டுவார். கண்ணாடி மெல்ல இறங்கும். "இன்னா, சௌக்கியமா?" என்பார். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி ஏறிவிடும். ஊரில் பாதிப் பேருடைய சௌக்கியம் அவருக்குக் கடைசி வரை தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. கத்தரிக்கோலுக்கே பொட்டு வைக்கும் நாளில் காரைச் சும்மா விட முடியுமா? மற்றவர்கள் சந்தனத்தை விரலால் தொட்டு வைப்பார்கள். ஜெயவேலு பன்னீர் விட்டு, பாயசப் பதத்துக்குக் கரைத்து, கிண்ணத்தோடு காருக்குள் போனார். ஸ்டியரிங், ஹாரன், கியர், டேப் ரெக்கார்டர் என்று எதையும் விடவில்லை. நாலு பட்டனுக்கும் தாராளமாக வைத்து, மேலே குங்குமம் தூவினார். கிண்ணத்தில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் அதையும் அங்கேயே வழித்து விட்டார். பூஜைக்கு மேற்குத் தாம்பரத்திலிருந்து பச்சையம்மாவின் அண்ணன் குப்புராஜ் வந்திருந்தார். இரும்புக் கடை வைத்திருப்பவர். பின் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி ஏறி இறங்குவதைப் பார்த்து, "நம்ம அம்பாசடருக்கு இந்த வியாதி இல்ல மாப்ள. கைப்பிடிய சுத்தினா ஏறும்" என்றார்.

அடுத்த வாரம் பின்பக்க இடது கண்ணாடி இறங்கியது. ஏறவில்லை.

ஜெயவேலுவுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. மச்சான் கண். எலுமிச்சம்பழம் சுற்றி நாலு ரோட்டில் போட்டார். கண்ணாடி ஏறவில்லை. ஃபியூஸை மாற்றினார். அதே ஃபியூஸில் ஓடும் மற்ற மூன்று கண்ணாடியும் நன்றாகத்தான் ஏறின, ஆனாலும் மாற்றினார். கதவைத் தட்டினார். கதவைத் திறந்து ஓங்கிச் சாத்தினார். கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து இழுத்தபடி இன்னொரு கையால் பட்டனை அழுத்தப் பார்த்தார். பட்டன் முன் சீட்டில், கண்ணாடி பின் சீட்டில். கை எட்டவில்லை. கடைசியில் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, "ம்" என்றார். திரும்ப மாட்டினார். ஊறுகாய் பாட்டிலுக்குப் புதிய வரவு சேர்ந்தது.

இதெல்லாம் சாதாரண நாளாக இருந்தால் வேடிக்கையோடு போயிருக்கும். அதே வாரம் பச்சையம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் நன்றாக நடந்தது. மருத்துவர்கள் செய்தார்கள், ஜெயவேலுவை உள்ளே விடவில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். நர்ஸ் காந்திமதி வார்டில் வந்து நின்று, உறவுக்காரர்களை வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"கண்ணுல தையல் போட்டிருக்கு. குனியக்கூடாது, தலைக்கு ஊத்தக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. போற வழியில தூசி, எதிர்காத்து எதுவும் படக்கூடாது. நாளைக்கு எதுல கூட்டிட்டுப் போறீங்க?"

"என் கார்ல" என்றார் ஜெயவேலு. "ஏசி கார் சிஸ்டர். கண்ணாடிய ஏத்திட்டா எறும்பு நுழையாது."

"ஏத்திட்டா" என்றார் குப்புராஜ்.

"இன்னா மச்சான்?"

"ஒண்ணும் இல்ல மாப்ள. காலைல பார்த்தேன். கண்ணாடி காத்து வாங்கிகினு கீது. அதான் கேக்கறேன். தங்கச்சி ஒரு மண்டலம் நம்ம வூட்லயே இருக்கட்டும். என் வண்டில இட்டுகினு போயிடறேன். அண்ணி பார்த்துப்பா."

ஒரு மண்டலம்! பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லாதபோது பிறந்த வீட்டார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால் ஊர் என்ன பேசும் என்பது ஒரு பக்கம். அந்த ஒரு மண்டலமும் சோற்றுக்கு என்ன வழி என்பது இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் கனம் என்று ஜெயவேலு நிறுத்துப் பார்க்கவில்லை.  பச்சையம்மா இல்லாத வீட்டில் அவர் ஓர் இரவுகூடத் தனியாக இருந்ததில்லை.

"நாளைக்குக் கண்ணாடி ஏறி இருக்கும்" என்றார்.

"ஏறி இருந்தா உன் வூடு. ஏறலைன்னா என் வூடு. சரியா?" என்றார் குப்புராஜ்.

ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்த பச்சையம்மாவை யாரும் கேட்கவில்லை. அவள் மற்றொரு கண்ணால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜெயவேலு நேரே பெருங்களத்தூருக்கு ஓட்டினார். அங்கே ஏசுபாதம் ஒரு வேப்பமரத்தடியில் கார் எலக்ட்ரிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சில் அவரும் ஜெயவேலுவுக்குச் சளைத்தவரல்ல.

"மோட்டார் காலிண்ணா" என்றார் வந்ததும் வராததுமாக.

"பார்க்காமயே சொல்ற?"

"இதுல இன்னா பார்க்கறது? இந்தக் கம்பெனி வண்டிங்க எல்லாம் இப்டித்தான்."

கதவின் அட்டை மறுபடியும் கழன்றது. "இதுல பாதி ஸ்க்ரூ எங்கண்ணா?" என்று ஏசுபாதம் கேட்டார். ஜெயவேலு வேப்பமரத்தைப் பார்த்தார். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து மோட்டாருக்கு நேராகக் கொடுத்ததும், செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மோட்டார் விர்ரென்று சுற்றிக் கண்ணாடியை உச்சி வரை ஏற்றியது. ஒயரை மாற்றிக் கொடுத்தால் இறக்கியது.

"மோட்டார் நல்லா கீது" என்றார் ஏசுபாதம், ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொல்லி வந்ததைப் போல. "சுவிட்ச்சு காலி."

கியர் பக்கத்திலிருந்த பட்டன் பெட்டியை நெம்பி எடுத்தார். உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் தோண்டி மோந்து பார்த்தார்.

"இன்னாண்ணா இது? கம கமன்னு கீது?"

காய்ந்து இறுகிய சந்தனம், குங்குமத்தோடு கலந்து, பித்தளை முனைகளை மெழுகிவிட்டிருந்தது.

"கம்பெனில பூஜை போட்டு அனுப்பியிருப்பான்" என்றார் ஜெயவேலு.

"பாயசம் ஊத்தினா மாதிரி கீதுண்ணா."

"நீ வேலையப் பாரு."

ஏசுபாதம் வேலையைப் பார்த்தார். சின்ன ஸ்குரூ டிரைவரால் சந்தனத்தைச் சுரண்டினார். இறக்குகிற முனை பளபளவென்று வந்தது. ஏற்றுகிற முனை, தலைமுடி கனமுள்ள தகடு, கையோடு வந்துவிட்டது. அதைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது ஏற்கெனவே ஒடைஞ்சிருந்ததுண்ணா" என்றார்.

இரண்டு பேருமே பொய்யர்களாகிவிட்டதால் யாரும் மேலே கேட்கவில்லை. புது சுவிட்ச் மவுண்ட் ரோட்டிலிருந்துதான் வர வேண்டும், இரண்டு நாளாவது ஆகும். நாலு பட்டனும் ஒரே பெட்டி. ஏசுபாதம் மறுபடியும் பேட்டரி ஒயரைக் கொடுத்துக் கண்ணாடியை ஏற்றி, அட்டையை மூடி, பட்டன் பெட்டியையும் திரும்ப மாட்டினார்.

"ஏத்தியாச்சு. நல்லா கேட்டுக்கண்ணா. அந்தப் பட்டனை மட்டும் தொடாத. எறக்குறது வேல செய்யும், ஏத்துறது செய்யாது. வேணும்னா பெட்டிய கயட்டி வச்சிடட்டா? நாலு கண்ணாடியும் அப்டியே நிக்கும்."

"நான் இன்னா கொயந்தையா?" என்றார் ஜெயவேலு.

ஏசுபாதம் ஒயரைச் சுருட்டினார். கைவசம் வேறு வண்டி காத்திருந்தது.

மறுநாள் காலை ஜெயவேலு காரைக் கழுவி, பின் சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்து, ஆஸ்பத்திரி வாசலில், இடது பக்கம் ரோட்டைப் பார்க்கக் கொண்டுவந்து நிறுத்தினார். நாலு கண்ணாடியும் ஏறியிருந்தன. ஏசி ஓடியது. காந்திமதி பச்சையம்மாவைக் கையைப் பிடித்து மெல்ல அழைத்து வந்தாள். கட்டை அவிழ்த்து, கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்பு போட்டிருந்தார்கள்.

குப்புராஜ் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். இடது பக்கக் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"ஏறிடுச்சே!"

"ஏறாம?"

"முட்டுக் குடுத்து நிறுத்தி வச்சிருக்கியா மாப்ள?"

இதற்குப் பேசாமல் சிரித்துவிட்டு வண்டியை எடுத்திருக்கலாம். பச்சையம்மா வந்து உட்காருவதற்கு நாலு எட்டுதான் பாக்கி. ஆனால் கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. 'முட்டுக் குடுத்து' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஜெயவேலுவின் விரல் போய்ப் பட்டனில் உட்கார்ந்துகொண்டது.

கண்ணாடி மெல்ல, சத்தமில்லாமல், மிக அழகாக இறங்கியது.

அடி வரை போய் நின்றது. ஜெயவேலு பட்டனை மேலே தூக்கினார். மறுபடியும் தூக்கினார். மூன்று கண்ணாடியும் தத்தம் இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தன. இடது பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு முழுவதும் தெரிந்தது. பல்லாவரம் பக்கத்திலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று, விரித்து வைத்த வெள்ளைத் துண்டின் மேல் ஒரு பூச்சு பூசிவிட்டுப் போனது.

"பிளாஸ்டிக் ஷீட் வச்சிக் கட்டிடலாம் சிஸ்டர்" என்றார் ஜெயவேலு.  "அஞ்சு நிமிஷம். நான் போயி..."

"அந்த கார்ல ஏத்துங்க" என்றாள் காந்திமதி, ஓரமாக நின்றிருந்த குப்புராஜின் அம்பாசடரைக் காட்டி. அவளுக்கு உள்ளே இன்னும் பல கண்கள் பாக்கி இருந்தன.

குப்புராஜ் ஓடிப்போய் ஒவ்வொரு கைப்பிடியாகச் சுற்றிக் கண்ணாடிகளை ஏற்றினார். தேவைக்கு மேலேயே இரண்டு சுற்று சுற்றினார். பச்சையம்மா தலை குனியாமல் பக்குவமாக ஏறி உட்கார்ந்தாள். ஜெயவேலுவைப் பார்த்தாளா என்பது பச்சைத் துணியில் தெரியவில்லை. அம்பாசடர் கிளம்பியது.

ஜெயவேலு பின்னாலேயே ஓட்டினார். வேறு என்ன செய்வது? சானடோரியம் தாண்டும் வரை அம்பாசடரின் புகை முழுவதும் இடது ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. லாரித் தூசி அதற்கு மேல். ஏசியை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போனால் பூட்டைத் திறக்க வேண்டும். விளக்கைப் போட வேண்டும். பிறகு? பிறகு என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்பைக் கழற்றத் தெரியும், பற்ற வைத்ததில்லை.

தாம்பரம் ஸ்டேஷன் கடந்தது. முடிச்சூர் ரோட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அங்கே திரும்பினால் குப்புராஜ் வீடு. அம்பாசடரின் வலது ஜன்னலில் கண்ணாடி இறங்கி, குப்புராஜின் கை வெளியே நீண்டது. வலது பக்கம் திரும்பப் போகிறேன் என்று காட்டியது. வண்டி வேகம் குறைந்தது. ஜெயவேலுவும் பிரேக்கை மிதித்தார். பின்னால் பல்லவன் பஸ் ஒன்று ஹாரனை அடித்தது.

அம்பாசடருக்குள் ஏதோ நடந்தது. குப்புராஜின் தலை பின்பக்கம் திரும்பியது. நீட்டிய கை வானத்தைப் பார்த்து விரிந்தது. தலை மறுபடி முன்பக்கம் திரும்பியது. பிறகு கை உள்ளே போய், கண்ணாடி அவசரமாக ஏறியது. அம்பாசடர் நேராகப் போனது. பெருங்களத்தூர் பக்கம், வண்டலூர் பக்கம், ஊரப்பாக்கம் பக்கம்.

ஜெயவேலு அங்கேயே நின்றுவிட்டார். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "யோவ், தூங்கினு கீறியா?" என்று கேட்டார். இந்த முறை அவர் சொன்னது முழுவதும் திறந்த ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

வீட்டு வாசலில் அம்பாசடர் நின்றிருந்தது. குப்புராஜ் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திரும்பாத, நேரா வுடுங்கறா" என்றார். "பந்தயத்துல நான்தானம்மா ஜெயிச்சேன்னேன். 'பந்தயம் உங்களுது, கண்ணு என்னுது'ங்கறா. 'ஒரு மண்டலம் தனியா வுட்டா, வூட்டுச் செவுத்தக் கயட்டி உள்ள இன்னா கீதுன்னு பார்ப்பாரு. திரும்பி வர்றதுக்கு எனக்கு வூடு வேணாமா?'ங்கறா. நான் இன்னா பண்றது மாப்ள?"

ஜெயவேலுவுக்குத் தலை முதல் மீசை வரை சாம்பல் பூத்திருந்தது. வலது கண் சிவந்து நீர் வடிந்தது. தூசிதான் என்றார், யாரும் கேட்காமலே. உள்ளே போனார்.

பச்சையம்மா கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சொட்டு மருந்து பாட்டில்.

"கண்ணக் கசக்காதீங்க" என்றாள். "சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவிகினு வாங்க. மருந்து போடணும்."

"நானா?"

"பின்ன, எங்கண்ணனா?"

ஜெயவேலு கழுவினார். அவள் திருப்பி அனுப்பினாள். மறுபடி கழுவினார். நகத்தைக் காட்டச் சொன்னாள், காட்டினார். பாட்டில் முனை இமையில் படக்கூடாது, கீழ் இமையை மட்டும் இழுக்கணும், அழுத்தக்கூடாது என்று காந்திமதி சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் குனிந்தார். 

முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். மூன்றாவது போக வேண்டிய இடத்துக்குப் போனது.

"தெனம் நாலு வாட்டி" என்றாள் பச்சையம்மா, கண்ணை மூடிக்கொண்டு. "அடுத்தது மத்தியானம். அதுக்குள்ள அரிசியக் களைஞ்சு வைங்க. எவ்ளோ தண்ணி ஊத்தணும்னு இங்கிருந்தே சொல்றேன்."