பொத்தான் மாட்டாத கழுத்து

தையல் தொழிலில் துணி ஒருநாளும் எதிர்த்துப் பேசாது. அதைப் போட்டுக்கொள்கிறவர்கள்தான் பேசியே நம்மைக் கொல்வார்கள். மிஷின் மிதிக்கிற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

தனியாக வளரும் கழுத்து

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மாரியப்பன், பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் மகள் முத்துச்செல்வியைக் கூட்டி வந்தார். ஆறாம் வகுப்பு. யூனிபார்ம் சட்டைக்குக் கழுத்து பதினொரு அங்குலம் என்று நோட்டில் எழுதினேன். மூன்றாம் மாதம் அதே சட்டையோடு இருவரும் வந்து நின்றார்கள். மேல் பொத்தான் மாட்டவில்லையாம், டை கட்ட முடியவில்லையாம். துணி சுருங்கியதோ என்று காலரை அளந்தேன், இம்மி குறையவில்லை. பிள்ளையை அளந்தேன். தோள், கை எல்லாம் பழைய அளவு. கழுத்து மட்டும் பதினொன்றே முக்கால். மாரியப்பனுக்குப் பூ வாடுகிற அவசரம்: "தப்பா அளந்துட்டு பிள்ளைய குத்தம் சொல்லாதீங்க அண்ணாச்சி!"

தங்க வைத்தியம்

டேப் சுற்றும்போதே தொண்டைக் குழிக்கு மேலே, சற்று இடப்பக்கமாக, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி விரலில் தட்டியிருந்தது. எச்சில் விழுங்கச் சொன்னேன். கட்டி ஏறி இறங்கியது. "வலிக்கா மக்கா?" "இல்ல தாத்தா."

கட்டியை மறைத்துக்கொண்டு ஒரு தங்கச் சங்கிலி. கேட்டால், பொன்னுக்கு வீங்கியாம். தங்கம் போட்டால் வற்றிவிடுமாம். அந்த வீக்கம் காதடியில் வரும், வலிக்கும், பத்து நாளில் தானே போய்விடும் என்பது எனக்கே தெரியும். இதுவோ தொண்டையில், வலியில்லாமல், மாசக் கணக்கில். டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். மாரியப்பன் வீட்டுக்குப் போன் போட்டு, சம்சாரத்தின் தீர்ப்பை எனக்கு வாசித்தார்: "சங்கிலி பத்தலையாம். ரெண்டு பவுனாப் போட்டா கேக்கும்னு அவ மதினி சொல்லுதாளாம்."

கவர்மென்ட் உத்தரவு

நான் சொல்லும் மெய்க்கு இந்த ஊரில் மதிப்பில்லை. திருவேங்கடத்தில் ஒரு யானைக்குச் சட்டை தைத்ததையும், காலர் இறுக்கம் என்று அது திருப்பி அனுப்பியதையும் நானேதான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதனால் பொய்யிலேயே இறங்கினேன். "பதினொன்றரைக்கு மேல பிள்ளைங்களுக்குக் காலர் வைக்க டாக்டர் சீட்டு வேணும் மாரியப்பா. புது உத்தரவு. மீறினா என் மிஷினைத் தூக்கிட்டுப் போயிருவான்." யார் போட்டது, எங்கே தாள் என்று ஒரு கேள்வி கிடையாது! மகள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்: "மொதல்லயே இதைச் சொல்ல வேண்டியதானே? சட்டம்னா சட்டம்."

தாடை வரை காலர்

டாக்டர் கழுத்தைத் தொட்டதுமே திருநெல்வேலிக்கு அனுப்பினார். ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த சோதனை, தைராய்டு புற்றுநோய். சின்னப் பிள்ளைகளுக்கு அபூர்வமாய் வருமாம். பக்கத்து நெறிக்கட்டிகளுக்கும் போயிருந்ததாம். எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தார்கள். அந்த வாரம் நான் வெட்டிய துணியெல்லாம் கோணல். இப்போது தினம் மாத்திரை, அவ்வப்போது சோதனை. டாக்டர் நம்பிக்கையாகச் சொல்கிறாராம். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள்.

புதுச் சட்டை தைக்கத் தாயும் மகளும் வந்தார்கள். தாய் அழுவாள் என்று நான் கர்ச்சீப்பெல்லாம் எடுத்து வைத்தேன். அவளோ, "காலரைத் தாடை வரைக்கும் தூக்கி வைங்க அண்ணாச்சி. தழும்பு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள். முத்துச்செல்வி கரகரத்த குரலில் குறுக்கே விழுந்தாள்: "எனக்குப் பதினொன்னே வைங்க தாத்தா. அந்தக் காலரை அம்மாவுக்குத் தைங்க."

கழுத்தில் கிடப்பதைப் பார்க்க ஆயிரம் கண் உள்ள இந்த ஊரில், கழுத்தைப் பார்க்க டேப்போடு ஒரு பொய்யன் வேண்டியிருக்கிறது.