நான் உடைத்த சீல்

குவைத்தில் வீட்டு வேலை செய்து என் மனைவி அனுப்பிய பணத்தில்தான் அந்தப் புது பிக்கப்பை வாங்கினேன். மாம்பழ லோடோடு சித்தூர் ஜூஸ் ஃபேக்டரி வரிசையில் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் வெறி எனக்கு. வாரண்டி இருக்கும்போதே, வேகம் கூட்டுவதற்காக இன்ஜினின் டீசல் பம்பில் கம்பெனி வைத்த சீலை ஒரு மெக்கானிக்கிடம் உடைக்கச் சொன்னேன். ஒரே மாதத்தில் இன்ஜின் இறுகி, சீஸ் ஆகி வண்டி நின்றது.

“சீல ஒடச்சிக்கினு வந்து வாரண்டி கேக்கிறியா?” என்று திருப்பதி ஷோரூமில் துரத்திவிட்டார்கள்.

அந்த மாதம் ஊருக்கு வரவிருந்த மனைவியிடம் போனில், “கம்பெனிக்காரன் மோசமான வண்டியக் குடுத்து ஏமாத்திட்டான்” என்றேன்.

“வயிறெரிஞ்சி சொல்றேன், இதப் பண்ணவன் நல்லாவே இருக்கமாட்டான்” என்று அழுதாள். “நீ கலங்காத. நான் இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வர்றேன்.”

அந்தச் சாபம் யாருக்கு என்று இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.