தேவைப்படாமல் போன மூணு படம்

தங்கப்பாண்டி அண்ணாச்சி இன்னைக்குக் காலைல இறந்துட்டார்.

விஸ்வநத்தத்துல இருந்து அவர் மகன்தான் போன் பண்ணினான். "அப்பா போயிட்டாக"ன்னு சொன்னதும் என் வாயில வந்த முதல் கேள்வி, "எந்தக் கம்பெனில?" எங்க சிவகாசிப் பக்கம் சாவுச் சேதி வந்தா எல்லாரும் முதல்ல கேட்கிறது இதைத்தான்.

"கம்பெனி இல்ல. மழைன்னு இன்னைக்கு லீவு. வீட்லதான். காப்பி குடிச்சாக, சேர்ல சாஞ்சாக, அம்புட்டுதான்."

எனக்கு அழுகை வரலை. அப்பாடான்னு ஒரு பெருமூச்சுதான் வந்துச்சு. அஞ்சலிப் பதிவுல இப்படி எழுதலாமான்னு தெரியலை... காரணத்தைச் சொல்றேன், அப்புறம் திட்டுங்க.

அண்ணாச்சி ஒரு பட்டாசு கம்பெனியில ஃபோர்மேன். நான் சிவகாசியில சின்னதா ஸ்டூடியோ வச்சு, கேட்லாக்குக்குப் பட்டாசுகளைப் படம் எடுக்கிறவன். கம்பெனிக்குள்ள கேமராவை விட மாட்டாங்க. அதனால சீசனுக்கு முன்னாடி சாம்பிள் பீஸ்களை அவர்தான் கொண்டு வருவார்.

எல்லாமே மருந்து அடைக்காத டம்மி. ஆனாலும் ஒவ்வொண்ணையும் பிரிச்சுக் காட்டிட்டுத்தான் லைட்டுக்குக் கீழ வைக்க விடுவார். எனக்குப் பொறுமை கம்மி. "நேரமாகுது அண்ணாச்சி"ன்னு கத்துவேன்.

"கத்து. உசிரோட இருந்து கத்துலே"ம்பார்.

லேபிள் எழுத்து மங்கலா இருக்குன்னு முதலாளி ஒருதடவை என் படங்களைத் திருப்பி அனுப்பிட்டார். ரோஷத்துல மதுரைக்குப் போய் என் மிரர்லெஸ் கேமராவுக்கு ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கிட்டு வந்தேன். நூறு எம்.எம்., செகண்ட் ஹேண்ட். வீட்ல ரெண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது.

முதல் படமா ஒரு தரைச்சக்கரத்தோட திரியை எடுத்து, ஸ்கிரீன்ல பெரிசாக்கிக் காட்டினேன். பிசிறு பிசிறா, நூல் நூலா தெரிஞ்சுது. அண்ணாச்சி ஸ்கிரீன் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தார்.

"ஏலே, இது ஆளு தோலையும் இம்புட்டு சுத்தமா எடுக்குமா?"

மயிர்க்கால் வரைக்கும் எடுக்கும்னு பெருமை அடிச்சுக்கிட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை சாம்பிள் எதுவும் இல்லாம வந்து நின்னார். குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு... பாஸ்போர்ட் சைஸ் போலன்னு லென்ஸை மாத்தப் போனேன்.

"மொகம் வேண்டாம். அந்தப் புதுசுலயே எடு."

காது மடலுக்குப் பின்னாடி ஒரு மச்சம். இடது கட்டைவிரல்ல பழைய தழும்பு. பாதி உடைஞ்ச கடைவாய்ப்பல். இந்த மூணையும் எடுக்கணுமாம்.

எதுக்குன்னு கேட்டேன்.

"என் தம்பி கம்பெனி விபத்துல போனப்ப ஆஸ்பத்திரில மூட்டையாக் கட்டித்தான் தந்தாக. இது உங்க ஆளுதானான்னு கேட்டாக... சொல்லத் தெரியலலே. இன்னைக்கும் திவசத்தன்னைக்கு அவன் பொண்டாட்டி கேக்கா, நாம யாரைக் கும்பிடுதோம்னு. எனக்கு அப்படி ஆயிரக் கூடாது. ஏதாவது ஒண்ணுன்னா நீ படத்தோட வந்து நிக்கணும்."

நான் லைட்டைப் போட்டேன்.

மேக்ரோவுல கிட்டப் போகப் போக ஃபோகஸ் ஒரு நூல் கனத்துக்குத்தான் நிக்கும். ஆள் லேசா அசைஞ்சாலும் போச்சு. "மூச்சை அடக்குங்க அண்ணாச்சி"ன்னேன்.

"அதுக்குத்தானலே இம்புட்டு ஏற்பாடு. இப்பவே அடக்கச் சொல்லுத?"

அவர் சிரிச்ச சிரிப்புல அந்த ஷாட் எல்லாம் வீணாப்போச்சு. பல்லுக்கு வெளிச்சம் பத்தாம, செல்போன் டார்ச்சை அவர் கையிலயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

வீட்டுக்காரி, எங்க மதினிகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனார். இத்தனை வருஷம் நானும் சொல்லலை. இனிமே சொல்லலாம்.

அதுக்கப்புறம் எங்க பார்த்தாலும், இருக்கன்குடி கோயில் கூட்டத்துல பார்த்தாக்கூட, "படம் பத்திரமா இருக்குல்ல?"ன்னுதான் கேட்பார். இருக்குன்னு சொன்னா அவருக்கு நிம்மதி.

எனக்குத்தான் நிம்மதி போச்சு. எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டா, வாட்ஸப்ல புகைமூட்டமா ஒரு வீடியோ வந்தா, உடனே அவருக்குப் போன் போடுவேன். கம்பெனிக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, எடுக்க மாட்டார்னு தெரியும்... ஆனாலும் போடுவேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டு "என்னலே"ங்கிற வரைக்கும் சோறு இறங்காது. கண்ணு அந்த மூணு படத்தையும் ஏத்தி வச்ச ஹார்ட் டிஸ்க் இருக்கிற டிராயர் மேலயே இருக்கும்.

நேத்து வரைக்கும் வேலைக்குப் போனவர் அவர்.

காலைல மகன் கையில இருந்து மதினி போனை வாங்கிப் பேசினாங்க. "தம்பி, போஸ்டருக்கு அவுக மொகம் நல்லதா ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வாங்க."

தேடினேன். ராக்கெட் இருக்கு, புஸ்வாணம் இருக்கு, சரம் இருக்கு. அண்ணாச்சின்னு பார்த்தா ஒரு மச்சம், ஒரு தழும்பு, ஒரு பல்லு. முகம் ஒண்ணுகூட இல்ல.

கடைசியில மகனோட கல்யாண ஆல்பத்துல இருந்து வெட்டி எடுத்துத்தான் போஸ்டர் அடிச்சாங்க. கொஞ்சம் மங்கல். முதலாளியா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பார்.

நான் போனப்ப வீட்டுக்குள்ள கண்ணாடிப் பெட்டியில படுத்திருந்தார். தலை சீவி, விபூதி பூசி... முழுசா இருந்தார். அவர் தம்பி பொண்டாட்டி தலைமாட்டுல உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"தூங்குதாப்லயே இருக்காகல்ல தம்பி?"ன்னு மதினி கேட்டாங்க.

"ஆமா மதினி"ன்னேன். அப்பத்தான் அழுதேன்.

மாலையைப் போட்டுட்டு நிமிரும்போது, தேவையே இல்லைன்னு தெரிஞ்சும் காதுக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தேன். மச்சம் அங்கனதான் இருந்துச்சு.

படம் பத்திரமா இருக்கு அண்ணாச்சி. யார்கிட்டயும் காட்ட வேண்டி வரலை.

போயிட்டு வாங்க.