ஒடீலின் கத்தரிக்குத் தப்பிய கிளை

இன்று காலை கல்லறைத் தோட்டத்தில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாரே, நம் மார்செலின், அவரைத்தான்! கணவர் ஃபிர்மானின் கல்லறையோரம் மண்டியிட்டு, மொட்டைக் குச்சிகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இதுவும் உள்ள பழுப்புதான். கொன்னுட்டா!" என்றார் என்னைப் பார்த்ததும். அவர் சொன்ன கதையைக் கேட்டு வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை.

அந்தக் குச்சிகள் ஒரு லாவண்டர் செடி. கல்யாணமான புதிதில் ஃபிர்மான் மலை உச்சியிலிருந்து வேரோடு கொண்டுவந்து வாசலில் நட்ட செடியின் பிள்ளை. தாய்ச்செடி கிழடாகிப் பட்டுப்போகுமுன் மார்செலின் தளிர்களைக் கிள்ளி வேர்விட வைத்தார். கல்லறையில் நட்ட முதல் பிள்ளை போனது, இரண்டாவதும் போனது. இதுதான் கடைசி.

பனியா கொன்றது? இந்தச் செடி பனிக்குள் தூங்கி எழும். எங்கள் மலைக்காற்றையும் தாங்கும். கொன்றது ஃபிர்மானின் தங்கை ஒடீலின் கத்தரி.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எங்கள் ஊரில் எல்லாரும் வாளியும் பிரஷுமாகக் கிளம்பிக் கல்லைத் தேய்த்து, சாமந்தித் தொட்டி வைப்பார்கள். மார்செய்ல் நகரத்திலிருந்து ஒடீலும் வந்துவிடுவார். போன நவம்பரிலும் வந்தார். மார்செலினோ ஆகஸ்டில் பூ முடிந்ததுமே செடியைப் பந்துபோல வெட்டி, இலையுள்ள பாகத்தோடு நிறுத்தியிருந்தார். குளிர் வந்தால் இலை சாம்பல் நிறமாகும். அது அதன் இயல்பு. ஒடீல் கண்ணுக்கு அது காய்ந்த புதர்.

"என்ன அண்ணி, எங்கண்ணனை இப்படி புதருக்குள்ள போட்டு வெச்சிருக்கீங்க?"

"காயல ஒடீல், தூங்குது. கை வைக்காத."

"முடி வெட்டினா வளருதில்ல? அதுமாதிரிதான்."

"இது முடியில்லடி! இலையில்லாத கட்டைல வெட்டினா திரும்பத் துளிர்க்கவே துளிர்க்காது. போன தடவையும் சொன்னேனே!"

மார்செலின் வாளியில் தண்ணீர் பிடித்துவரக் குழாய்க்குப் போனார். அவ்வளவுதான். திரும்பி வந்தபோது செடி கட்டையாக நின்றது. போதாததற்கு வேரில் தண்ணீர் ஊற்றி, பிளாஸ்டிக் தாளையும் சுற்றியிருந்தார் ஒடீல். குளிருமாம்! ஈரக்கால்தான் லாவண்டருக்கு எமன்.

கத்த வாயெடுத்தார் மார்செலின். ஒடீலோ கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "அண்ணனுக்கு நான் செய்யறது இது ஒண்ணுதான் அண்ணி."

அழுகிறவளை எப்படித் திட்டுவது? ஒடீல் கிளம்பியதும் மார்செலின் தாளைப் பிய்த்தெறிந்தார், ஈர மண்ணை வாரிவிட்டுச் சரளைக்கல் போட்டார். குளிர்காலம் முழுக்கப் பேருந்து ஓட்டும்போதெல்லாம் மனசுக்குள் நாத்தனாரோடு சண்டை. இன்று துளிர் தேடி வந்தால் எங்கும் பழுப்பு.

கோபத்தில், ஒடீல் வைத்துவிட்டுப்போன காய்ந்த சாமந்தித் தொட்டியைத் தூக்கினார். அதற்கடியில் நசுங்கிக் கிடந்தது ஒரு கிளை! கத்தரி வருமுன்பே தொட்டி அதை மறைத்துவிட்டிருக்கிறது. நகத்தால் கீறினார். பச்சை!

நான் துள்ளிக் குதித்தேன். மார்செலின் சிரிக்கக்கூட இல்லை.

"நேத்துதான் ஒடீல் போன் பண்ணினா. ஈஸ்டருக்கு வராளாம், சுத்தம் பண்ணித் தராளாம்."

"இந்தத் தடவையாவது திட்டிடுங்களேன்!"

"நீ திட்டேன் பார்ப்போம். மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிப்பா, நீயே கைக்குட்டை குடுப்ப."

துளிரைக் கிள்ளி வேர்விட வைக்க, அது கொஞ்சம் தேறவேண்டும். அதுவரை? கிளை நசுங்காதபடி நடுவே இரண்டு கல் வைத்து, அந்தக் காய்ந்த தொட்டியையே மறுபடி அதன் முன்னால் நகர்த்தி வைத்தார்.

ஒடீல் இந்தப் பதிவையெல்லாம் படிக்கமாட்டார். ஆனால் மார்செய்லில் அவருக்கு மகள் இருக்கிறாள், தோழிகள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஈஸ்டருக்குள் இதைப் பகிருங்கள். யார் மூலமாவது அவர் காதுக்குப் போகட்டும்: கட்டையில் வெட்டாதீர்கள், அந்தத் தொட்டியைத் தொடாதீர்கள்!